பெரியப்பாவின் பலூன் துப்பாக்கி

பெரியப்பாவுக்கு முதல் படையல் போட்ட அன்று துப்பாக்கி தானாகச் சுட்டது. நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நல்ல உச்சி வெயில் நேரம். இலையில் சோறு, கறிக்குழம்பு, ஒரு கட்டு பீடி. பக்கத்தில் பாய்மேல் அவருடைய பழைய காற்றுத் துப்பாக்கி. எதிர்ச் சுவரில் ஒரு சிவப்பு பலூன். பெரியம்மா சூடம் ஏற்றிக் கும்பிட்டு நிமிர்ந்தாள். பலூன் வெடித்தது. துப்பாக்கிக்கு அருகில் யாருடைய கையும் இல்லை.

பெரியப்பா திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போட்டவர். பெரம்பலூர், ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் என்று எங்கே தேர் ஓடினாலும் அவருடைய பலகை அங்கே நிற்கும். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கடை விரித்ததும் முதல் குண்டைக் கடைக்காரர்தான் சுட வேண்டும். அது தவறினால் அன்றைக்கு வியாபாரம் படுத்துவிடும். அதனால்தான் படையலிலும் குழலை மடித்து, குண்டு போட்டு, சுடத் தயாராக வைத்தார்கள். முதல் குண்டு அவருடையது.

அவர் வந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். அப்புறம் ஒவ்வொரு அமாவாசைக்கும் பெரியம்மா அதே மாதிரி வைத்தாள். சில மாதம் சுட்டது, சில மாதம் சுடவில்லை. சுடாத மாதம் அவள் சரியாகச் சாப்பிடமாட்டாள்.

பெரியம்மாவின் மகள்தான் அக்கா. அவள் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலையில் இருந்தார். பிரசவத்துக்கு வந்த அக்கா தாய்வீட்டிலேயே தங்கிவிட்டாள். அவளுடைய பெண் குழந்தை தவழ ஆரம்பித்த பிறகு வந்த ஓர் அமாவாசையில் துப்பாக்கி மறுபடி சுட்டது. குண்டு சுவரில் பட்டுத் திரும்பி, குழந்தையின் கையருகில் வந்து விழுந்தது. அக்கா அதை எடுத்துத் தன் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். தாத்தா பேத்திகூட விளையாடுகிறார் என்றாளாம் பெரியம்மா. அன்றைக்கே அக்கா எனக்குப் போன் செய்தாள்.

"ஒண்ணு அந்தத் துப்பாக்கி இருக்கணும், இல்ல நானும் புள்ளயும் இருக்கணும். நீ வந்து அதுக்கு ஒரு வழி பண்ணு."

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துப் பெரம்பலூரில் ஒரு லேத் பட்டறையில் இருக்கிறேன். திருகாணி உள்ள பொருள் எது கெட்டாலும் என்னிடம்தான் வரும். மிக்ஸி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பல்செட்டுகூட ஒருமுறை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அரியலூர் பக்கம் போனேன். பெரியம்மாவின் வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. சுண்ணாம்புக்கல் லாரி போனால் அலமாரிப் பாத்திரமெல்லாம் கிடுகிடுக்கும். எனக்கு உடனே ஒரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. துப்பாக்கிக்குள் பெரிய ஸ்பிரிங் ஒன்று அமுங்கி நிற்கும். அதைச் சின்னக் கொக்கி ஒன்று பிடித்திருக்கும். டிரிக்கர் செய்வது அந்தக் கொக்கியை விலக்குவது மட்டும்தான். பிடி சரியில்லை என்றால் லாரி அதிர்வே போதும்.

துப்பாக்கியின் மரக்கட்டையைக் கழற்றினேன். கொக்கி உட்கார வேண்டிய பள்ளத்தில் கல் மாதிரி இறுகிய மஞ்சள் கட்டி. சுரண்டி முகர்ந்தேன். சந்தனம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு டிரிக்கரில் வைத்த பொட்டு உள்ளே வழிந்து வழிந்து அடைந்திருந்தது. குங்குமமும், ஒரு மல்லிகைக் காம்பும்கூட இருந்தன. கொக்கி பாதிதான் மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அதோடு டிரிக்கரை எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் திருகும் கடைசிவரை தளர்ந்திருந்தது. அதன் தலையில் கத்தி முனை வழுக்கிய கீறல்கள்.

மண்ணெண்ணெயில் கழுவி, கொக்கியின் முனையை எண்ணெய்க்கல்லில் தேய்த்து நேராக்கி, கிரீஸ் தொட்டு வைத்துத் திருகை இறுக்கினேன். சுடத் தயாராக வைத்து மரச்சுத்தியால் தட்டிப் பார்த்தேன். அசையவில்லை. அக்கா மூச்சு விட்டாள். பெரியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"யாரு தொட்டாலும் சுடக்கூடாது, அவரு தொட்டா மட்டும் சுடணும். அப்படி வைக்க முடியுமா தம்பி?"

நான் துப்பாக்கியைத் துடைத்து மூலையில் சாத்தினேன்.

அடுத்த அமாவாசைக்குத் துப்பாக்கி சுடவில்லை. காக்கை வந்து சோறு எடுத்தது. பெரியம்மாவுக்கு அது போதவில்லை. ராத்திரிவரை பச்சைத் தண்ணீர் தொடவில்லை என்று அக்கா சொன்னாள். அதற்கடுத்த அமாவாசைக்கும் அப்படியே. நான் போய்ப் பார்த்தபோது கன்னம் ஒட்டிக் கிடந்தாள்.

"அவருக்குக் கை வராதுப்பா. வாதம் வந்ததுலேர்ந்து ஒரு டம்ளரு தூக்க மாட்டாரு. தன் விரலுக்குத் தகுந்த மாதிரி அவரே லூசு பண்ணி வச்சிருந்தாரு. நீ முறுக்கிட்ட. பாவம், வந்து வந்து பாத்துட்டுப் போறாரு."

கத்திக் கீறல் யாருடையது என்று அப்போதுதான் தெரிந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். பெரியம்மா இப்படியே போனால் அடுத்த படையல் அவளுக்குத்தான் என்று அக்காவுக்கும் பட்டிருக்க வேண்டும். ஒரு தடவை மட்டும் திருகைத் தளர்த்தி வைக்கலாம் என்று ஒத்துக்கொண்டாள். குண்டு இல்லாமல் வைக்கலாம் என்று கெஞ்சிப் பார்த்தோம். சோறு இல்லாத இலையா போடுவீங்க என்று கேட்டுவிட்டாள் பெரியம்மா.

நல்ல டிரிக்கருக்கு இரண்டு கட்டம் உண்டு. விரல் பட்டதும் லேசாகப் பின்னால் வரும். அங்கே ஒரு தடை தட்டும். பழகிய கை அங்கே நின்று, குறி பார்த்து, அப்புறம்தான் மீதியை அழுத்தும். திருகைக் கொஞ்சம் தளர்த்தி, இரண்டு கட்டமும் தெளிவாக வரும்படி வைத்தேன். கொக்கி முழுதாக மாட்டியிருந்தது. அதிர்வுக்கு விழாது, விரலுக்கு மட்டும்தான் விழும்.

அமாவாசை அன்று லீவு போட்டு வந்தேன். குழந்தையை உள்ளறைத் தூளியில் போட்டுக் கதவைச் சாத்தியிருந்தாள் அக்கா. துப்பாக்கி பாயில், டிரிக்கர் தெரியும்படி பக்கவாட்டில் கிடந்தது. நான் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்தேன். ரோட்டில் வண்டி ஒன்றும் போகவில்லை. காது அதிலேயேதான் இருந்தது. சூடம் எரிந்து அணைந்தது. எதுவும் நடக்கவில்லை.

அப்போது சாத்தியிருந்த கதவு வாய் பிளந்தது. குழந்தை தூளியிலிருந்து எப்படி இறங்கியதோ, தவழ்ந்து வந்து நேரே பலூனைப் பார்த்துப் போனது. குழலுக்கும் சுவருக்கும் நடுவில்.

நான் துப்பாக்கிப் பக்கம் கையை நீட்டினேன். டிரிக்கர் நகர்ந்தது.

வெடுக்கென்று இல்லை. மெதுவாக, விரல் வைத்து இழுப்பது போலப் பின்னால் வந்து, முதல் தடையில் நின்றது. என் கையும் அப்படியே நின்றுவிட்டது. தொட்டால் மீதியும் போய்விடும் என்ற பயம். டிரிக்கருக்குப் பின்னால் இருக்கும் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளத்தான் செய்யும், பின்னால் இழுக்காது. அதைக் கழற்றிக் கழுவித் திரும்பப் போட்டவன் நான்தான்.

அக்கா பாய்ந்து குழந்தையைத் தூக்கினாள். டிரிக்கர் வந்த மாதிரியே மெதுவாக முன்னால் போய்ப் பழைய இடத்தில் நின்றது.

பெரியம்மாவின் முகத்தில் அழுகையும் இல்லை, பயமும் இல்லை.

"புள்ள வந்துச்சுல்ல, வுட்டுட்டாரு" என்றாள். "போதும். இனிமே அவரை வரவழைக்க வேணாம். முறுக்கிடு தம்பி."

துப்பாக்கியைக் கொல்லைக்குக் கொண்டுபோய்க் குண்டை மண்ணில் சுட்டுத் தீர்த்தேன். அப்படியே அங்கேயே உட்கார்ந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். திருகை இறுக்கும்போது டிரிக்கர் ஆடாமல் ஒரு விரல் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு விரல் வைக்க மனம் வரவில்லை.

பெரியம்மாவைக் கூப்பிட்டேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அந்த வளைவுக்குள் விரலைவிட்டுப் பிடித்துக்கொண்டாள். திருகு முட்டி நிற்கும்வரை நான் இறுக்கினேன். முடிந்துவிட்டது என்று சொன்ன பிறகும் அவள் விரலை எடுக்கவில்லை. இலையில் சோறு ஆறுகிறது என்று அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். பெரியம்மா இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டாள்.