ஓட்டைவாயன் காத்த ரகசியம்

வெண்டலினை அடக்கம் செய்து மூன்று வாரம் ஆகிறது. கல்லறையருகே நின்று பாதிரியார், "நாற்பது வருடம் ஒரு ரகசியத்தை நெஞ்சில் பூட்டி வைத்திருந்த மனிதர்" என்று சொன்னபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற ஓட்மார் என் முதுகைத் தடவிக்கொடுத்தான். துக்கத்தில் தொண்டை அடைக்கிறது என்று நினைத்திருப்பான். துக்கமும் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

எங்கள் லோபாக்கில் அறுபத்தொரு வீடுகள். ஒரு காலத்தில் எங்களுக்கென்று மேயர் இருந்தார், பள்ளிக்கூடம் இருந்தது, தபால் நிலையம் இருந்தது. எழுபத்தெட்டாம் வருடம் எங்களை நகரத்தோடு சேர்த்தார்கள். அன்றிலிருந்து நாங்கள் ஊர் இல்லை, நகரத்தின் ஒரு பகுதி. மேயர் பதவி போயிற்று, பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள், தபால் நிலையத்தில் இப்போது ஒரு பெண் நாய்களுக்கு முடி வெட்டுகிறாள். எழுவரை மட்டும் அவர்களால் எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. எங்களிடம் இருப்பது என்ன என்று அவர்களுக்குத் தெரிந்தால்தானே எடுக்க முடியும்?

எழுவர் என்றால், நானூறு வருட வழக்கப்படி வயல்களுக்கு எல்லைக்கல் நடுவதற்காகச் சத்தியம் செய்துகொடுத்த ஏழு பேர். கல்லை நடும்போது அதன் அடியில் சுட்ட மண்வில்லைகளை ஒரு வகையாக அடுக்கி வைப்போம். அந்த அடுக்கு ஏழு பேருக்கு மட்டும்தான் தெரியும். எவனாவது இருட்டில் கல்லை நகர்த்தினால் அடுக்கு தப்பிவிடும், தோண்டிப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். நாங்கள் குழிக்குள் குனியும்போது மற்றவர்கள் எல்லாரும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். எழுதி வைக்கக் கூடாது, ஒருவர் செத்தால் வருகிற புது ஆளின் காதில் சொல்லலாம், அவ்வளவுதான். அது எப்படிப்பட்ட அடுக்கு என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கசாப்புக்கடைக்காரன். என் தொத்திறைச்சியில் என்ன சேர்க்கிறேன் என்பதையே என் மனைவியிடம் சொன்னதில்லை.

வெண்டலின் பால் வண்டி ஓட்டினான். விடிந்ததும் வீடு வீடாக வந்து பாலை எடுத்துக்கொண்டு செய்தியை ஊற்றிவிட்டுப் போவான். அவன் வாயில் கடுகு தங்காது. எனக்குக் குடலிறக்கம் என்று மருத்துவர் சொன்னது, நான் வீடு வந்து சேர்வதற்குள் கீழ்த்தெருவுக்குத் தெரிந்திருந்தது. ஓட்மாருக்கு மகள் பிறந்ததை ஓட்மாருக்கே வெண்டலின்தான் சொன்னான். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தெரிந்ததைச் சொல்லாமல் வைத்திருப்பது அவனுக்கு அடுத்தவர் பொருளைத் திரும்பக் கொடுக்காமல் வைத்திருப்பது மாதிரி.

எண்பத்தொன்றில் எழுவரில் ஒருவர் இறந்துபோனார். வாலிபர்கள் எல்லாம் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சேற்றில் மண்டியிட வர ஒருவனும் தயாராக இல்லை, வெண்டலினைத் தவிர. மீதி ஆறு பேரும் என் கடையின் பின்னறையில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டோம். எங்கள் தலைவர் பெர்த்தோல்ட் மீசையை இழுத்துக்கொண்டு சொன்னார்:

"இவன்கிட்ட சொல்றதுக்குப் பதிலா, கோவில் மணியில எழுதித் தொங்கவிட்டுடலாம்."

அப்போதுதான் ஒருவன் அந்த யோசனையைச் சொன்னான். "பொய்யா ஒரு அடுக்கைச் சொல்லுவோம். ஒரு வாரத்துல ஊரே பேசும். சத்தியத்த மீறிட்டேன்னு சொல்லி அனுப்பிடலாம். நம்ம ரகசியம் பத்திரமா இருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள். அந்த ஒருவன் நான்தான். வேறு யாரோ சொன்னதாக இத்தனை நாள் சொல்லி வந்தேன். மறுத்துப் பேச இப்போது யாரும் உயிரோடு இல்லை என்பதால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

வெண்டலின் கையை உயர்த்திச் சத்தியம் செய்தான். பெர்த்தோல்ட் அவனைப் பீச் மரக்காட்டுக்குள் அழைத்துப்போய், அன்று காலை நாங்கள் கட்டிவிட்ட அடுக்கைக் காதில் சொன்னார். கையில் ஏழெட்டு மண்வில்லைகளையும் கொடுத்தார். வெண்டலின் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். இதுவரை யாரும் அவனை நம்பி ஒன்றையும் சொன்னதில்லையாம்.

ஒரு வாரம் காத்திருந்தோம். ஒரு மாதம் ஆயிற்று. ஒரு வருடம் ஆயிற்று. நானே ஒரு நாள் அவனை உட்கார வைத்து ஐந்து கோப்பை பிளம் சாராயம் ஊற்றினேன். மாமனாரின் பொய்ப்பல் கதை வந்தது, பாதிரியாரின் சமையல்காரி கதை வந்தது, எனக்குச் சம்பந்தமே இல்லாத மூன்று குடும்பங்களின் கதை வந்தது. மெல்ல எல்லைக்கல் பக்கம் பேச்சைத் திருப்பினேன். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தொப்பியைத் தேடி எடுத்து, வீட்டுக்குப் போய்விட்டான். அவன் மனைவி ஹெட்விக் என் மனைவியிடம் வந்து புலம்பினாள்: "பதினாலு வருஷமா அந்த மனுஷன் தூக்கத்துல பேசறதக்கூட கேட்டுட்டு இருக்கேன். இத மட்டும் சொல்ல மாட்டேங்கறாரு. எனக்குச் சோறே இறங்கல."

ஊருக்கு அவன் மேல் மரியாதை வந்தது. நாங்கள்தான் அவனைக் கண்டால் தெருவை மாற்றிக்கொண்டோம். முதல் வருடமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தள்ளிப்போடப் போட, சொல்ல வேண்டிய வார்த்தைக்கு எடை கூடிக்கொண்டே போயிற்று. குழிக்குள் குனிந்தால் உண்மையான அடுக்கைப் பார்த்துவிடுவான் என்று, கல் நடும் நாட்களில் பெர்த்தோல்ட் அவனைக் கூப்பிட்டு, "வெண்டலின், யாரும் கிட்ட வராமப் பாத்துக்க. உன்ன நம்பித்தான் நாங்க குனியறோம்" என்பார். அவன் எங்களுக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து நிற்பான். பெரும்பாலும் எதிரே இரண்டு மாடுகள் நிற்கும். முப்பத்தொரு வருடம் அந்த மாடுகளிடமிருந்து எங்கள் ரகசியத்தைக் காத்தான், அடியில் நாங்கள் என்ன வைக்கிறோம் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல்.

பிறகு ஓட்மார் வீட்டு வண்டிக்கொட்டகை விவகாரம் வந்தது. வெண்டலினின் வயலும் ஓட்மாரின் தோட்டமும் ஒட்டினாற்போல் இருக்கும். ஓட்மார் விடுமுறைக்குப் போகப் படுக்கை வைத்த பெரிய வண்டி ஒன்று வாங்கியிருந்தான். அதை நிறுத்தக் கொட்டகை போட ஒரு அடி இடம் குறைந்தது. உடனே, மூலைக்கல்லை வெண்டலின் தள்ளி வைத்துவிட்டான் என்று சந்தேகம் வந்துவிட்டது. நகரத்து அளவைக்காரரை அழைக்கச் சொன்னோம். கேட்கவில்லை.

"பள்ளிக்கூடத்தப் பூட்டினவன் அளவெல்லாம் எனக்கு வேணாம். எழுவர் வந்து தோண்டட்டும். அடியில இருக்கறது சொல்லட்டும்" என்றான்.

அக்டோபர் மாதம், சனிக்கிழமை காலை. தன் நிலம் என்பதால் வெண்டலின் அன்று எழுவரில் ஒருவன் இல்லை, ஓட்மாரைப்போல வழக்கில் ஒரு தரப்பு. இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று முதுகைக் காட்டினார்கள். வெண்டலினின் கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்தேன். நல்ல குளிர்.

கல்லைச் சாய்த்து மண்ணைக் கையால் விலக்கினோம். ஆறு தலைகளும் குழிக்குள் குனிந்தன. மண்வில்லைகள் இருந்தன. அடுக்கு எங்கள் அடுக்கு இல்லை. எண்பத்தொன்றில் என் கடைப் பின்னறையில் நாங்கள் கட்டிவிட்ட அடுக்கு, ஒரு வில்லைகூட மாறாமல்.

அந்த அடுக்கை உலகத்தில் ஒருவன்தான் உண்மை என்று நம்பியிருந்தான். கல்லை எடுத்து வைத்தது யார் என்று கையெழுத்துப் போட்டதைப்போல இருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம். திருட்டுப் பயலே, உன்னைப் போய் நல்லவன் என்று நினைத்தேனே என்று மனதுக்குள் திட்டினேன். பெர்த்தோல்டின் முகம் சிவந்துவிட்டது. கோவில் பக்கத்துக் கல்லிலிருந்து அளவு நாடாவைப் பிடிக்கச் சொல்லி, தன் பழைய நோட்டில் இருந்த அளவோடு ஒப்பிட்டார். இரண்டு தடவை ஒப்பிட்டார். கல் ஒரு அடி நகர்ந்துதான் இருந்தது. வெண்டலினின் வயலுக்குள் நகர்ந்திருந்தது.

தனக்கு ஒரு அடி குறைகிறது என்று தோண்டச் சொன்ன ஓட்மார், ஒரு அடி கூடுதலாக அனுபவித்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொன்னால் வெண்டலினுக்கு அவன் நிலம் திரும்பும். ஆனால் எப்படித் தெரிந்தது என்று கேட்பான். அடுக்கு தப்பு என்று சொல்ல வேண்டும். நான் சரியாகத்தானே வைத்தேன் என்பான். அதன் பிறகு என்ன சொல்வது?

பெர்த்தோல்ட் குழிக்குள் குனிந்தபடியே, எங்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"முப்பத்தோரு வருஷம் அவன் வாயத் திறக்கல. நாமதான் திறந்து பொய் சொன்னோம். இன்னையிலேருந்து இதுதான்டா நம்ம அடுக்கு. இனிமே எந்தக் கல்லுக்கும் இதுதான். பொய்யாவது ஒன்னாவது."

பிறகு எழுந்து, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, உரக்க அறிவித்தார். "அடையாளம் சரியா இருக்கு. கல் நிக்கற இடத்துல நிக்கட்டும்."

ஓட்மார் முணுமுணுத்துக்கொண்டே போய்க் கொட்டகையைச் சின்னதாகக் கட்டினான். இன்றுவரை தனக்கு அநியாயம் நடந்ததாகத்தான் நினைக்கிறான்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது வெண்டலின் எல்லாவற்றையும் என்னிடம் கொட்டிவிட்டான். பல வருடம் முன்பு டிராக்டரால் அந்தக் கல்லை இடித்துச் சாய்த்துவிட்டானாம். எழுவரைக் கூப்பிட வெட்கப்பட்டுத் தானே நட்டிருக்கிறான்.

"தனியா நட்டது தப்புதான்டா. நடும்போது என் கை என் பக்கம் இழுத்துடுமோன்னு பயம். அதான் ஒரு அடி உள்ளயே தள்ளி வச்சேன். அடுக்கு மட்டும் பிசகல, பாத்தல்ல?"

"பாத்தேன்" என்றேன்.

"பெர்த்தோல்டே சரின்னுட்டாரு" என்று சொல்லி அவன் சிரித்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. கடையைத் திறக்க வேண்டும் என்று சொல்லி வேகமாக நடந்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள். பெர்த்தோல்ட் போனபோது ஆள் கிடைக்காமல் கடைசியில் ஓட்மாரையே எழுவரில் சேர்த்தோம். காதில் சொல்லும் பொறுப்பு வெண்டலினுக்கு வந்தது. அதே பீச் மரக்காட்டில் சொன்னான். ஓட்மார் வெளியே வந்து, நானூறு வருடமாக இவ்வளவுதானா என்று என்னிடம் கேட்டான். வெண்டலின் பெருமையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இவ்வளவுதான்" என்றேன்.

போன மாதம் மருத்துவமனையில் அவனைப் பார்க்கப் போயிருந்தேன். எழுந்து உட்கார முடியவில்லை, ஆனால் அந்தத் தளத்தில் எந்தத் தாதிக்கு எந்த மருத்துவரோடு பேச்சு நின்றுபோயிற்று என்பதுவரை சொன்னான். சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். "வெண்டலின், அந்த அடுக்கு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். அவன் கதவைப் பார்த்தான். உதட்டின் மேல் விரலை வைத்தான்.

"தாதி வருவாடா" என்றான்.

பழைய அடுக்கு தெரிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். யாரிடமும் சொல்ல முடியாது, சத்தியம். சொன்னாலும் அது பொய்யாகத்தான் இருக்கும். பாவிப்பயல் ஒரே ஒரு தடவை உளறியிருந்தால், எங்கள் ஊர் ரகசியம் பிழைத்திருக்கும்.