பூட்டிய பெல்ட்

போர் விமானம் என்றால் எனக்குப் பைத்தியம். பழைய விமானம் எங்கே கிடந்தாலும் கேமராவோடு போய் நிற்பேன். காசிமேட்டில் ஒரு விசைப்படகின் வலையில் விமானி உட்காரும் இருக்கை சிக்கியிருப்பதாக நண்பன் போனில் சொன்னதும், வியாசர்பாடியிலிருந்து பைக்கில் பறந்தேன்.

உச்சி வெயில். ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் அதை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அதன் உடம்பெல்லாம் சிப்பி. போலீஸ் வரும்வரை காவலுக்கு நின்ற படகுக்கார அக்கா, தன் தலையில் வெயில் விழ, அந்த இருக்கைக்குக் குடை பிடித்திருந்தார்.

"குடைய கொஞ்சம் நகத்துக்கா. படத்துல நெழலு வுழுது."

"இன்னா நைனா, இந்த வெயில்ல எப்டி குந்திகினு இருப்பாரு?"

"யாரு?"

அவர் குடையை இருக்கைப் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்ளும் ஆசையில், கேமராவைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டு பெல்ட்டை விலக்கப் பார்த்தேன். அது விலகவில்லை. நடுவில் பூட்டியிருந்தது.

பூட்டில் விரலை வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். விமானி இறங்கினாலும் சரி, பாராசூட்டில் குதித்தாலும் சரி, அந்தப் பூட்டு திறந்தாக வேண்டும். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

"சாரி சார்" என்றது என் வாய். அக்காவிடமிருந்து குடையை வாங்கி, ஜீப் வரும்வரை நானே பிடித்தேன்.

இப்போதும் காட்சிக்கு வைத்த விமானங்களைப் பார்க்கப் போகிறேன். கண் முதலில் பெல்ட்டைத்தான் தேடுகிறது. பார்வைக்கு அழகாக இருக்கட்டுமென்று, பெரும்பாலும் பூட்டியே வைத்திருக்கிறார்கள்.