மூச்சு பார்த்த இழை

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கண்ணயர்ந்தால், அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. ஒருமுறை மூக்கருகே விரலை நீட்டி, அவர் விழித்துக்கொள்ள, ஸ்ரீபெரும்புதூர் வரை நின்றுகொண்டே போனேன். நாற்பத்தைந்து வயதுக்கு இது அழகல்ல. ஆனால் வியாதி எட்டு வயதில் பிடித்தது.

அப்போது பிள்ளையார்பாளையத்து வீட்டில் எனக்கொரு தங்கை பிறந்திருந்தாள். மாதம் குறையவில்லை, எடைதான் குறைவு. பார்க்க வந்த நர்சம்மா அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

"வயித்துலயே சரியா வளராத கொழந்தமா. இந்த மாதிரி கொழந்தைங்களுக்கு எப்பவாவது தூக்கத்துலயே மூச்சு நின்னுடும். மல்லாக்கவே படுக்க வை. பக்கத்துல தலகாணி, துணிமூட்டை எதுவும் வேணாம்."

'எப்பவாவது' என்பதை மட்டும் என் காது விட்டுவிட்டது. வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பாயருகே உட்கார்ந்தேன்.

"இன்னாடா, பாரா குடுக்கிறியா?" பட்டு நெய்துகொண்டிருந்த அப்பா தறிக்குழியிலிருந்து கேட்டார்.

"பாப்பா மூச்சு வுடுதானு பாத்துக்கினு இருக்கேன்."

கேலியை ஆரம்பித்தவர் அதற்குச் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், தறிச் சத்தத்தில் அவள் மூச்சு கேட்கவில்லை. நெஞ்சு அசைகிற மாதிரியும் இருந்தது, அசையாத மாதிரியும் இருந்தது. என் அறிவு வேலை செய்தது. பட்டு இழையைவிட லேசானது எது? தறியடியில் கிடந்த பாவுத் துண்டில், அதாவது நீளவாக்கு நூலில், ஓர் இழையை உருவி அவள் மூக்கருகே பிடித்தேன். ஆடவில்லை. கையை மாற்றிப் பிடித்தேன். அப்போதும் ஆடவில்லை.

"பாப்பா மூச்சு வுடலப்பா."

தறி நின்றது. அப்பா குழியிலிருந்து எப்படி ஏறினார் என்பது அவருக்கே தெரியாது. வீட்டோடு இருந்த அத்தை குழந்தையை வாரியெடுத்து உள்ளங்காலைச் சுண்டினாள். பாப்பா போட்ட கூச்சலில் எதிர்வீட்டுத் தறியும் நின்றது.

அம்மா மட்டும் வரவில்லை. அடுப்படி நிலையைப் பிடித்தபடி நின்றாள். அழுகை கேட்ட பிறகும் ஓரடி எடுத்து வைக்கவில்லை. பெற்ற பிள்ளையைப் பார்க்க ஓடிவராத அம்மாவா என்று எனக்கு ரொம்ப நாள் கோபம். ஓட நினைக்கும்போது கால் வராமல் போகும் என்பது, என் மகன் பிறந்த வருடம், அவன் தொட்டிலருகே நான் நின்றபோதுதான் தெரிந்தது.

அப்பா என் கையிலிருந்த இழையை வாங்கினார். வாயருகே பிடித்து ஊதினார். இழை நிமிர்ந்தே நின்றது.

"கஞ்சி போட்ட பாவுடா இது. பொயலே அடிச்சாலும் ஆடாது," என்றார். "குறுக்கால ஓடற ஊடை இழைய எடுத்திருக்கணும், அதுக்குத்தான் கஞ்சி கெடையாது. எட்டு வருசமா தறி பக்கத்துலயே தூங்கறான், பாவு எது ஊடை எதுன்னு தெரியல."