கொண்டை ஊசி வளைவில் சத்தமாகச் சொன்ன வசனம்

பாக்கு வேகும் வாசனையோடுதான் அப்போது எங்களுக்குப் பொழுது விடியும். மேட்டுப்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பின்னாலேயே பாக்கு வேகவைக்கும் களம். அந்தத் துவர்ப்பு வாசனை, அடுப்பில் காபி, வாசலில் பல் விளக்கிக்கொண்டே பாட்டு முனகும் என் வீட்டுக்காரர்... அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிது.

அவர் பெயர் ஞானமணி. ஊட்டி பஸ் டிரைவர். இப்போது கேட்டால் இதில் என்ன இருக்கிறது என்பீர்கள். அன்றைக்கு மலை வண்டி ஓட்டுகிறவருக்கு பஸ் ஸ்டாண்டில் தனி மவுசு. டீக்கடைக்காரரே எழுந்து வந்து கையில் கிளாஸைக் கொடுப்பார் என்று சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டார்கள்!

அந்த வருஷம் மழையில், இறக்கத்தில் ஒரு வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் போகவிடாமல் வண்டியை மலையோடு சாத்தி நிறுத்திவிட்டார். யாருக்கும் பெரிதாக அடியில்லை. ஆனால் அதன் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டாலே அவருக்குக் கை நடுங்கியது. முதலாளி நல்லவர். கொஞ்ச நாள் சமவெளியில் ஓட்டட்டும் என்று அன்னூர் வண்டியைக் கொடுத்தார்.

காலையில் பாட்டு நின்றுபோனது. டீக்கடைப் பக்கமே அவர் போவதில்லை.

தினமும் விடிந்ததும் இருவரும் உட்கார்ந்து வேதாகமம் வாசிப்போம். வாசித்து மூடிவைத்தால் அதோடு சரி. ஒருநாள், கடவுள் நம் வலது கையைப் பிடித்துக்கொண்டு பயப்படாதே என்று சொல்கிற வசனம் வந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, இதை உங்களுக்கே சொன்னதாக நினைத்து, நம்ம பேச்சில் உங்கள் வாயால் சொல்லிப் பாருங்கள் என்றேன்.

மனிதர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, "ஆண்டவரு என்னோட வலது கையப் புடிச்சிருக்காருங்க. நான் பயப்பட மாட்டேனுங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சுவருக்கு எதற்கு இத்தனை மரியாதை என்று கேட்டேன். ஆண்டவர் காதில் விழும்படி பேசும்போது வேறு எப்படிப் பேசுவதாம் என்று முறைத்தார். அப்புறம் அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"கைய அவரு புடிச்சுக்கிட்டா ஸ்டியரிங்க நான் எப்புடிப் புள்ள திருப்பறது?"

"ஸ்டியரிங்கோட சேத்தித்தான் புடிச்சிருக்காருங்க. நீங்க ஓட்டுங்க."

அன்று ஆரம்பித்த பழக்கம். மனசுக்குள் சொன்னால் செல்லாது, சமையலறையில் இருக்கும் என் காதுக்கு வரவேண்டும் என்பது என் சட்டம். வராவிட்டால் காபியும் வராது. முதலில் காபிக்காகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். போகப்போகக் காபியை மறந்து சொல்ல ஆரம்பித்தார்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவராகவே முதலாளியிடம் போய் மலை வண்டியைக் கேட்டார். ஒரு நடை ஓட்டிப் பாருங்கள், முடியாவிட்டால் அன்னூர் வண்டிதான் கடைசிவரைக்கும் என்று முதலாளி சொல்லிவிட்டார். குன்னூரில் சித்தி வீட்டுக்குப் போகிற சாக்கில் நானும் அந்த வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

கல்லாறு தாண்டி முதல் வளைவு. பழக்கதோஷம்... எஞ்சின் இரைச்சலில் தன் காதுக்கே கேட்கவேண்டுமே என்று மனிதர் தொண்டையைத் திறந்து சொல்லிவிட்டார். "நான் பயப்பட மாட்டேனுங்க."

டிரைவர் வாயிலிருந்து இது வந்தால் ஏறி உட்கார்ந்திருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியதும் எல்லோரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊட்டி மார்க்கெட்டுக்கு வாழையிலை கொண்டுபோகும் மாராத்தாதான் முதலில் கேட்டார்.

"ஏங் கண்ணு, ஓட்டற உனக்கே பயம்னா நாங்க யாருகிட்டப் போயிச் சொல்றது?"

அவர் மழுப்பவில்லை. "நெசந்தானுங்க. மழையில வண்டிய மலையோட சாத்துனவன் நாந்தானுங்க. பயம் இருக்குதுங்க. அதுக்குத்தான் சொல்லிக்கறேன். எறங்கறவங்க எறங்கிக்கலாமுங்க, பின்னால வண்டி வருது."

எல்லோரும் இறங்கிவிட்டால் இந்த மனிதர் இனி ஜென்மத்துக்கும் மலை வண்டியைக் கேட்கமாட்டார். ஒரு குடைக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

மாராத்தா மேலே கட்டியிருந்த இலைக்கட்டுகளை அண்ணாந்து பார்த்தார்.

"அடுத்த வண்டிக்குள்ள எலை வாடிப்போயிரும். நீ சொல்லிக்கிட்டே ஓட்டு கண்ணு. உள்ளுக்குள்ள பயந்துக்கிட்டு ஓட்டறவனுக்கு, சொல்லிப்போட்டு ஓட்டறவன் தேவல."

சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

அவர் வண்டியைச் சாத்திய அந்த வளைவு வந்தது. அவர் சத்தமாகச் சொன்னார். நான் அவருடைய வலது கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடுக்கம் இருந்தது. இருந்தும் ஸ்டியரிங் ஒழுங்காகத் திரும்பியது, வண்டியும் திரும்பியது. பின்னால் யாரோ முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஊர்க்கதை ஆரம்பமானது. இன்னும் சில வளைவுகள் தாண்டியபோது முன்னாலிருந்து பாட்டு முனகும் சத்தம் கேட்டது... எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஓய்வு பெறும்வரை அவர் ஊட்டி டிரைவர்தான்.

இப்போதெல்லாம் காலையில் வசனம் போனிலேயே வந்துவிடுகிறது, பூப்படத்தோடு. நானும் ஆமென் போட்டு நாலு பேருக்கு அனுப்பிவிடுகிறேன். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. வசதிதான். ஆனாலும் அவர் மட்டும் இன்னும் வாயால்தான் சொல்கிறார். என் காது மந்தமாகிவிட்டதால் முன்னைவிடச் சத்தமாகவே சொல்லவேண்டியிருக்கிறது, பாவம்.

போன மாதம் பேத்தி புதுக் கார் வாங்கி எங்களை ஊட்டிக்குக் கூட்டிப்போனாள். கல்லாறு தாண்டியதுதான் தாமதம், முன் சீட்டிலிருந்து ஆரம்பித்துவிட்டார். வளைவுக்கு வளைவு. பேத்திக்குப் பொறுக்கவில்லை, நான்தானே ஓட்டுகிறேன், நீங்கள் எதற்குச் சொல்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நான் ஓட்டறப்பக்கூட இத்தன பயம் இல்ல கண்ணு."