டாக்டர் வைரவன் அச்சிடாத கட்டுரை

கொழும்பு ரயிலில் வந்த சஞ்சிகைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரிச் சேவகர் வாசலோடு நின்றுகொண்டு, "நமுனுகுலப் பக்கமிருந்து ஆள் வந்திருக்குங்க. டாக்டர் ஐயா விடியக்காலையில போயிட்டாராம்" என்றார். எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. பதுளையில் டாக்டர்கள் பலர் உண்டு. பெயர் சொல்லாமல் டாக்டர் ஐயா என்றால் அது வைரவன்தான். வயிற்றுக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேறிவிடுவார் என்று நம்பியிருந்தேன். ஐம்பதை எட்டாத மனிதர். அன்று சஞ்சிகைகளை அடுக்க மனம் வரவில்லை.

கடைவீதியில் அவருடைய தகப்பனாரின் ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டுக்கு உடலைக் கொண்டுவந்தார்கள். வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஒன்றையே சொன்னார்கள்: "கொழும்புல புரொபசரா இருந்திருக்க வேண்டிய ஆளு. ஏனோ முன்னுக்கு வரல." அந்த 'ஏனோ' எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் என்பது எனக்குத் தெரியும். அவரை அறிந்த உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றே எழுதுகிறேன். இதில் அவருக்குப் பெருமை மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துப் படிக்க வேண்டாம்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் டாக்டர்கள் சந்தா கட்டி நடத்தும் புத்தக அறையைக் காப்பது என் வேலை. மருத்துவ நூல்களும் சீமையிலிருந்து வரும் சஞ்சிகைகளும் அங்கே உண்டு. இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று கற்றேன். இளம் டாக்டர்கள் கட்டுரையைப் படிக்குமுன் எழுதியவரின் பட்டத்தையும் பதவியையும் படிப்பார்கள். வைரவனும் அப்படித்தான் தொடங்கினார். தேயிலைத் தோட்டங்களுக்குப் பொறுப்பான டாக்டராக வேலை ஏற்றதும் குதிரையில் வந்து இறங்கி, கார்பாலிக் வாடை வீசும் கோட்டோடு நின்றபடியே படிப்பார். உட்காரச் சொன்னால், "உக்காந்தா தூங்கிருவேன் அண்ணே" என்பார். தேநீர்க் கறையோடு திருப்பித் தந்த புத்தகங்களுக்காக நான் அவரைத் திட்டாத மாதம் இல்லை.

விரிவுரையாளர் ஆக வேண்டும் என்பது அவர் ஆசை. அதை அவர் ஒளித்ததில்லை. கொழும்பில் ஒரு பேராசிரியர், நல்ல கட்டுரை ஒன்று அச்சானால் கல்லூரியில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அறையில் யாரும் இல்லாதபோது காலி நாற்காலிகளுக்கு வைரவன் பாடம் நடத்திப் பழகுவார். "கடைசி வரிசைக்குக் கேக்குதா அண்ணே?" என்று கேட்பார். "கடைசி வரிசையும் நான்தான், முதல் வரிசையும் நான்தான். நடத்துங்க" என்பேன். நன்றாகத்தான் நடத்தினார். எனக்கே கொக்கிப்புழுவைப் பற்றிப் புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையும் அந்தப் புழுவைப் பற்றியதுதான். தோட்டத்துப் பெண்கள் முகம் வெளுத்து, கால் வீங்கி, கொழுந்து மலையில் பாதி ஏறுமுன் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுவார்கள். துரைமார் அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்திருந்தார்கள். வெறுங்காலில் மண் வழியாக ஏறி, குடலில் தங்கி இரத்தம் குடிக்கும் புழுதான் காரணம் என்று சஞ்சிகைகள் எழுதத் தொடங்கியிருந்த காலம் அது. நம் மலையில் அதை நிரூபித்துக் காட்ட வைரவன் விரும்பினார். நமுனுகுலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயங்கள் இரண்டு. மேல் லயத்தாருக்குப் புழு மருந்து கொடுப்பது, கீழ் லயத்தாரைக் கொழுந்துப் பருவம் முடியும்வரை அப்படியே விடுவது, அதன்பிறகு இரண்டு லயத்தாரின் இரத்தத்தையும் ஒப்பிடுவது என்று திட்டம். ஒப்பிட ஆள் இல்லாமல் மருந்தின் பலனை எந்தச் சஞ்சிகையும் நம்பாது. முறை சரியானதே. புத்தகமும் அதையே சொன்னது.

சில வாரம் கழித்து முகம் தொங்கிப்போய் வந்தார். இரத்தத் துளியை ஒற்றி, சிவப்பை வைத்து அதன் பலத்தை அளக்கும் காகிதங்களை மேசையில் பரப்பினார். மருந்து தின்ற மேல் லயத்தாரின் இரத்தம் கொஞ்சம்தான் சிவந்திருந்தது. மருந்தே காணாத கீழ் லயத்தாரின் இரத்தமும் அதே அளவு சிவந்திருந்தது. "புஸ்தகம் பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா அண்ணே?" என்றார். இருந்த சஞ்சிகைகளை எல்லாம் இறக்கிப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. கணக்குப் பதிய ஒரு கை உதவும் என்று அடுத்த முறை தோட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்.

காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்கு ஆள் பிரிக்குமுன், மருந்து கொடுத்தார்கள். முதல் குளிகையை விழுங்கினார்கள். இரண்டாவதையும் வாயில் போட்டார்கள். மாரியாயி என்ற பெண் திரும்பி நின்று, வாயிலிருந்ததை எடுத்து முந்தானையில் முடிவதை நான் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். கூப்பிட்டுக் கேட்டார். அவள் தயங்கவே இல்லை.

"எங்க அக்கா மூக்காயி கீழ் லயத்துல மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்குறாங்க. வாயும் வயிறுமா வேற இருக்கு. நான் மட்டும் எப்படிங்க முழுசா முழுங்குவேன்?"

விசாரித்ததில் மேல் லயம் முழுவதுமே அப்படித்தான் செய்திருந்தது. ஒரு லயத்தில் பெண் எடுத்து மறு லயத்தில் பெண் கொடுத்தவர்கள். கறி ஆக்கினால் ஒரு கிண்ணம் கீழே போகும். மருந்தும் அப்படியே போயிருக்கிறது. பாதி மருந்தால் இரண்டு லயத்திலும் யாரும் முழுதாகச் சுகப்படவில்லை.

அங்கேயே எல்லாருக்கும் கொடுத்திருக்கலாம். நான் சொல்ல வந்த இடம் இதுதான். தோட்டத்துத் துரை, கங்காணியைக் காவல் போடுகிறேன், ஒரு குளிகைகூடக் கீழே போகாது என்றார். வைரவன் தம் கணக்குக் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "பருவம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று ஒத்துக்கொண்டார். மாரியாயியிடம், "உங்க அக்காவுக்கும் குடுப்பேன் தாயி, இதை முடிச்சுக்கிறேன்" என்றார். அவள் முந்தானையை அவிழ்த்துக் குளிகையைத் திருப்பிக் கொடுத்தாள்.

காவல் போட்டபின் மேல் லயத்தாரின் இரத்தம் புத்தகம் சொன்னபடியே சிவந்தது. வைரவன் அறைக்குள் ஓடி வந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான். காகிதங்களைத் திரும்பத் திரும்ப அடுக்கிச் சிரித்தார். கொழும்புக்குப் போட்டுக்கொண்டு போகக் கோட்டுத் துணி எடுத்தாயிற்று என்றார். அந்த வாரமே மூக்காயிக்கு வலி கண்டது. ஆள் அனுப்பி இவரை அழைத்தார்கள். பிரசவத்தில் எல்லாருக்கும் போகிற இரத்தம்தான் அவளுக்கும் போயிற்று. அதைத் தாங்க அவள் உடம்பில் இரத்தம் இருக்கவில்லை. தாயும் பிள்ளையும் போனார்கள்.

அன்றே கீழ் லயத்துக்கும் மருந்து கொடுத்துவிட்டார். நடந்ததைப் பேராசிரியருக்கும் எழுதினார். அதுவரை இருந்த கணக்கே போதும், அருமையான கட்டுரை, உடனே எழுதியனுப்பு என்று பேராசிரியரிடமிருந்து பதில் வந்தது. அதை என் மேசையில் போட்டுவிட்டு வைரவன் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"இதுல பலமான சாட்சி எது தெரியுமா அண்ணே? மூக்காயிதான். அவ செத்ததாலதான் ரெண்டு லயத்துக்கும் வித்தியாசம் இவ்வளவு துலக்கமாத் தெரியுது. அதைக் காட்டி நான் கொழும்புல போய் உக்காரணும்."

நான் அவரோடு சண்டை போட்டேன். வெளிப்படையாகச் சொல்கிறேன், இன்றும் என் கட்சி அதுதான். கட்டுரை அச்சாகியிருந்தால் எங்கெங்கோ இருக்கிற டாக்டர்கள் படித்திருப்பார்கள். எத்தனையோ தோட்டங்களுக்கு மருந்து முன்னதாகவே போயிருக்கும். "செத்தவளை மறைச்சு வச்சா யாருக்குப் பிரயோசனம்? உங்க மனசு ஆறுறதுக்காக ஊரைக் காக்க வைக்காதீங்க" என்று கத்தினேன். புத்தக அறையில் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான். அவர் கோபப்படவில்லை. "நீங்க சொல்றது சரி அண்ணே. என்னால முடியல" என்றார். அவ்வளவுதான். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

அதன்பிறகு அவர் சஞ்சிகைகள் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார். தோட்டம் தோட்டமாகப் போனார். புழு மண்ணில் பரவாதிருக்கக் கக்கூஸ் கட்டச் சொல்லித் துரைமாரோடு மல்லுக்கு நின்றார். இடமாற்றம் வந்தபோதெல்லாம் எழுதிப்போட்டு நிறுத்திக்கொண்டார். பின்னாளில் எல்லாத் தோட்டங்களிலும் புழு மருந்து கொடுக்கும் வேலை தொடங்கியது. அதைப் பற்றி வேறு பலர் எழுதிய கட்டுரைகள் என் அறைக்கு வந்தன. அவற்றை அவர் கண்ணில் படாமல் வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். அவர் தாமே எடுத்துப் படித்தார். "நல்லா எழுதியிருக்காங்க" என்றார். சொன்ன குரலில் பொறாமை இல்லை, சந்தோஷமும் இல்லை. மனிதர் வற்றிப்போனார்.

சாவு வீட்டில் உடலைத் தூக்கும் நேரம் நெருங்கியபோது நரைத்த பெண் ஒருத்தி வாசலில் நின்றாள். இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கு நனைந்திருந்தது. மாரியாயி. நமுனுகுலப் பக்கமிருந்து மழையோடு நடந்தே வந்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன்.

"அக்கா போனதிலருந்து அவருகிட்ட நான் பேசினதில்லீங்க" என்றாள். "வருசா வருசம் மருந்தோட வருவாரு. என் கையில குடுத்துட்டு, 'முழுங்கு தாயி, கீழ் லயத்துக்கும் இருக்கு'ன்னு சொல்லிட்டு நிப்பாரு. ஏதாச்சும் பேசுவேன்னு பாப்பாரு. நான் முழுங்கிட்டு மொகத்தைத் திருப்பிக்குவேன். காச்சல்னு சொன்னாங்க. இந்தத் தடவை தேறி வந்தாப் பேசிருவோம்னு இருந்தேன்."

வாய்க்கரிசித் தட்டை அவளிடம் நீட்டச் சொன்னேன். உறவுக்காரப் பெண்கள் முறைத்தார்கள். அவள் அள்ளிப் போட்டாள். குனிந்து ஏதோ சொன்னாள்; பறைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போனாள்.

வைரவனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது தீராத ஒரு வழக்கு. அச்சிட்டிருக்க வேண்டும் என்று நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். என் பக்கம் நியாயம் இருக்கிறது. அவரும் அதை ஒப்புக்கொண்டுதான் போனார். ஆனால் அச்சிட்டுவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்தால், வருடா வருடம் மாரியாயி எதிரே போய் நின்று, அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இதை அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாரியாயியைப் போலத்தான் நானும். தேறி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.