கூட்டுக்கு ஏழு மரம்

பேப்பரை நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோயிற்று. ஆனாலும் தினம் விடாமல் படிக்கிறேன். போன வாரம் ஒரு செய்தி. ஏதோ ஒரு பெரிய தேசம், தன்னுடைய படைக் கூட்டில் சேர ஆசைப்படும் குட்டித் தேசங்களுக்குக் கைகொடுக்கிறதாம். பயிற்சி கொடுக்கிறதாம், தளவாடம் கொடுக்கிறதாம், முன்பே கூட்டில் இருந்துகொண்டு முரண்டு பிடிக்கிறவர்களிடம் பேசிச் சரிக்கட்டுகிறதாம். மைலாப்பூரில் என் மீன் மண்டிக்கு எதிரே குடியிருக்கும் வக்கீல் ஒருவர் இதை எனக்கு விளக்க வந்தார். "உட்காருங்க ஐயா, நான் சொல்றேன்" என்றேன். இருபத்திரண்டு வயதில் இதே காரியத்தைக் கோவணத்தோடு நின்று நடத்தி முடித்தவன் நான். இன்றைக்கு மூன்று விசைப்படகும் மாடிவீடும் இருக்கிறதென்றால் அதற்கு அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது. அதை எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். அடையாறு கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே எங்கள் குப்பம் இருந்தது. பதினொரு குடிசை, ஏழு மரம். கட்டுமரத்தை நாங்கள் மரம் என்போம். அதில் சேர்த்துக் கட்டுகிற ஒவ்வொன்றும் கட்டை. கரை ஏறியதும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப்போடுவோம். நடுக்கட்டையில் கிடக்கும் முடிச்சை மட்டும் அவிழ்ப்பதில்லை. மாறிப் போகாமல் இருக்க ஒவ்வொரு கட்டையின் முனையிலும் அந்தந்தக் குப்பத்துக் குறி உளியால் வெட்டியிருக்கும். எங்கள் குறி இரண்டு கோடு.

தீபாவளி மழைக்கு ஆறு பெருகி முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு போகும். அப்போது இறால் வரும். அந்த ஒன்றரை மாதத்து இறாலில்தான் எங்கள் குப்பம் வருஷம் முழுக்கச் சாப்பிட்டது. முந்தின வருஷம் வடக்கே துறைமுகப் பக்கத்திலிருந்து முப்பது மரத்தில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். அங்கே அவர்களுடைய கரையைக் கடல் தின்றுவிட்டது. இடம் தேடி வந்தார்கள். எங்கள் வலைகளை அறுத்துப்போட்டுவிட்டுத் தங்கள் வலையை விட்டார்கள். இன்னொரு வருஷம் அப்படிப் போனால் குப்பமே கலைந்துவிடும். மூன்று குடும்பம் பல்லாவரத்துக்குக் கல் உடைக்கப் போக மூட்டை கட்டி வைத்திருந்தது.

எங்களுக்கு வடக்கே பெரிய குப்பம். நூற்றைம்பது மரம். அதன் தலைவரை நாட்டார் என்று சொல்வது வழக்கம். வடக்கத்திக்காரர்கள் இன்று எங்கள் வலையை அறுத்தால் நாளை தன் வலையையும் அறுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் சின்னக் குப்பங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக் கூட்டு கட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் வலையை அறுத்தால் எல்லாரும் மரம் தள்ள வேண்டும், இதுதான் பேச்சு. சேருவதற்கு இரண்டு நிபந்தனை. ஏழு மரத்துக்குக் குறையக் கூடாது. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் ஒவ்வொரு குப்பமும் சரி என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பெரியவர்கள் தயங்கினார்கள். நான் தயங்கவில்லை. நேராகப் போய் நாட்டாரைப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் ஊர்ல பேசறதுக்கு வேற ஆளே இல்லியா?" என்று கேட்டார்.

"கீறாங்க. பேசிக்கினேதான் கீறாங்க. அதான் நான் வந்தேன்" என்றேன்.

சிரித்தார். அன்றே இரண்டு ஆட்களை அனுப்பி எங்கள் ஆட்களுக்குக் கழி சுற்றவும், கடலில் மரங்களை ஒரே வரிசையாக நிறுத்தவும் சொல்லிக்கொடுத்தார்.

கூட்டம் பெரிய குப்பத்தில், வலை பின்னும் கொட்டகையில் நடந்தது. மூன்று குப்பம் சரி என்றது. நான்காவது, சாந்தோம் கோயிலை ஒட்டிய வேதக்காரர் குப்பம். கிறிஸ்தவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதன் பெரியவர் காது மயிர் நரைத்த ஆள், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இவனுங்களா? எங்க சிலுவைய இழைச்சி எடுத்தவனுங்க. இவனுங்ககூட ஒரே கடல்ல எறங்கறதே பெருசு."

"பழசப் பேசி இன்னா ஆவப்போவுது நைனா?" என்றார் நாட்டார்.

"உனுக்குப் பழசு. எனுக்கு ஞாயித்துக்கெழமைக்கு ஞாயித்துக்கெழம புதுசு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விஷயம் என் வீட்டு விஷயம். எட்டு வருஷத்துக்கு முன் ஒரு புயலில் கரையில் கிடந்த கட்டைகளைக் கடல் வாரிக்கொண்டு போயிற்று. அதில் ஒன்று எங்கள் மணலில் ஒதுங்கியது. முனையில் சிலுவை வெட்டியிருந்தது. எங்கள் அப்பா அதை இழைத்து எடுத்துவிட்டு இரண்டு கோடு போட்டுத் தன் மரத்துக்கு நடுக்கட்டையாகக் கட்டிக்கொண்டார். அவருக்கு அது ஒரு குறி, அவ்வளவுதான். அவர்களுக்கோ அது திருநாளன்று சாமியார் மந்திரித்துக் கொடுத்த சிலுவை. கட்டை போனதற்குக்கூட அவர்கள் அவ்வளவு வருந்தவில்லை. சிலுவையை இழைத்ததைத்தான் மன்னிக்கவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த மரத்தில்தான் நான் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்பா செய்தது தப்பு. மகன் நானே எழுதிவிட்டேன், இனி வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டம் கலைந்ததும் நாட்டார் என்னைத் தனியாக அழைத்தார். "எட்டு நாள் தவணை வாங்கித் தரேன். அந்தாளு வாயால சரின்னு வரணும். அது உன் வேலை. மத்ததெல்லாம் என் வேலை."

வீட்டுக்கு வந்து நடுக்கட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தேன். மைலாப்பூரில் மீன் விற்றுவிட்டுக் கூடையோடு வந்த அம்மா அப்படியே நின்றாள்.

"இன்னாடா பண்ற?"

"நடுக்கட்டைய அவங்களாண்ட குடுத்துடப் போறேன்."

"குடுத்துட்டு? நாளைக்கு எதுல போவ, என் கூடையிலயா?"

"குடுக்கலன்னா இந்த மரம் இருந்தும் எறங்கறதுக்குக் கடல் இருக்காதுமா."

அவள் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். "அந்த முடிச்சு உங்கப்பன் போட்டது. கத்தி வெக்காத, கையால அவுரு" என்றாள். விரல் நகம் பெயர்ந்தது. கையால்தான் அவிழ்த்தேன்.

மறுநாள் காலை கட்டைக்குக் கயிறு கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, வடக்குப் பார்த்து இழுத்துக்கொண்டு போனேன். அலை ஒவ்வொன்றும் அதைக் கரைக்குத் தள்ளியது. நான் மறுபடி உள்ளே இழுத்தேன். பெரிய குப்பத்துக் கரையில் இருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன், "இன்னாபா, மாட்ட ஓட்டிக்கினு போறியா?" என்றான். ஒருவனையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அப்போது என் தோள் அப்படி. இப்போது இருக்கும் பிள்ளைகளில் நாலு பேர் சேர்ந்தாலும் அந்தக் கட்டையை இழுக்க முடியாது.

வேதக்காரர் குப்பத்தில் பெண்கள் கருவாட்டுக்கு மீன் கீறிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் வந்தார். கட்டையை அடியிலிருந்து நுனி வரை தடவிப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது.

"சிலுவை எங்க?"

"இல்ல நைனா. எங்கப்பன் இழைச்சிட்டான். குறின்னு நெனச்சான். சாமின்னு தெரியாது."

"தெரியாதா, தெரியாத மாரி இருந்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். "ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்" என்றேன்.

அவர் குடிசைக்குள் போனார். கதவை மூடிவிட்டார், காரியம் கெட்டது என்று நினைத்தேன். உளியும் சுத்தியும் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"வெட்டு."

"நானா?"

"எடுத்தவன் புள்ளதான வெக்கணும்."

நான் அதற்கு முன் சிலுவை வெட்டியதில்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய கையில் உளி வழுக்கியது. வெட்டி முடித்துத் தள்ளி நின்றேன். மீன் கீறிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, சிலுவை குடிச்சிட்டு நிக்கற மாரி கீது" என்றாள்.

"நிக்குது இல்ல, போதும்" என்றார் பெரியவர்.

எட்டாம் நாள் கொட்டகையில் அவர் எழுந்து சரி என்றார். அவர் உட்காருவதற்குள் வேறொரு குப்பத்துக்காரன் கேட்டான்: "இவனுங்களாண்ட இப்ப ஆறு மரம்தான கீது? ஏழுன்னுதான பேச்சு?"

கட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது இந்தக் கணக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. நாட்டாருக்கு முன்பே ஏறியிருக்கிறது. "ஏழாவது மரம் நான் தரேன்" என்றார் நிதானமாக. "எங்க குறிய இழைச்சிட்டு உங்க ரெண்டு கோட்டப் போட்டுக்கங்க. இனாம்."

எங்கள் ஆட்கள் முகம் மலர்ந்தது. எனக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊர்க் கிழவர் மட்டும் என் காதில், "இனாம் மரம் நம்ம மணல்ல வந்து படுத்தா அப்புறம் மணல் யாருதுடா?" என்றார். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கே தோன்றியிருக்கும்.

"மரம் வேணும் நாட்டாரே. ஆனா குறிய இழைக்க வேணாம். உங்க குறி உங்க குறியாவே இருக்கட்டும். இறால் முடிஞ்சதும் கொண்டாந்து உடறேன்."

அவர் முகம் சுருங்கியது. "ஏன், நம்பிக்கை இல்லியா?"

"நம்பிக்கை கீது. இழைச்ச கட்டைய எட்டு வருசம் வெச்சிக்கினு நாங்க பட்டது போதும்."

வேதக்காரர் குப்பத்துப் பெரியவர்தான் முதலில் சிரித்தார். பிறகு கொட்டகையே சிரித்தது. நாட்டாரும் சிரிக்க வேண்டியதாயிற்று. நாங்கள் கூட்டில் சேர்ந்தோம்.

ஆறு மணலை உடைத்த நாலாம் நாள் விடிந்ததும் வடக்கத்திக்காரர்கள் வந்தார்கள். முகத்துவாரத்துக்கு வெளியே நாங்கள் ஒரே வரிசையாக நின்றோம். ஆறு குப்பத்து மரங்கள். நான் இரவல் மரத்தில். எனக்கு இடப்பக்கம், கோணல் சிலுவை போட்ட கட்டையைக் கட்டிய மரத்தில் பெரியவரே துடுப்போடு நின்றார். ஓர் அடி விழவில்லை. அவர்களுடைய தலைவன் எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்து எங்களை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். பிறகு உட்கார்ந்து மரத்தைத் திருப்பினான். அவர்களும் வயிற்றுக்குத்தான் வந்தார்கள் என்று இப்போது எழுதுகிறேன். அன்று அதை நினைக்கவில்லை. அன்று கத்தின கத்தலில் மூன்று நாள் எனக்குத் தொண்டை கட்டியிருந்தது.

அந்த வருஷம் இறால் எங்களுடையது. பல்லாவரத்துக்கு யாரும் போகவில்லை.

பொங்கல் முடிந்து இரவல் மரத்தைப் பெரிய குப்பத்துக் கரையில் கொண்டுபோய் ஏற்றினேன். நாட்டார் வந்து பார்த்தார்.

"யார் கேட்டா? வெச்சிக்கோ. அடுத்த மாசம் நாம வடக்கே போறோம். அவனுங்க வலைய அறுத்தாதான் புத்தி வரும். உன் ஏழு மரமும் வரணும்."

"வலை அறுபட்டா வரதுதான் நம்ம பேச்சு நாட்டாரே. அறுக்கப் போறது பேச்சுல இல்ல."

அவரை எதிர்த்துப் பேசி அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. அவர் தன் மரத்தைக் காலால் தட்டினார். "இத உட்டுட்டுப் போனா உனுக்கு ஆறு. ஆறுக்குக் கூட்டுல எடம் இல்ல. தெரியும் இல்ல?"

"ஆள அனுப்பி எண்ணிப் பாருங்க" என்றேன்.

இறாலில் கிடைத்ததில் நான் வேட்டி வாங்கவில்லை, கூரை மாற்றவில்லை. புதிதாக நடுக்கட்டை வாங்கி, அம்மாவை விட்டே முதல் முடிச்சுப் போடச் சொல்லி, எங்கள் மணலில் என் மரத்தைக் கட்டி நிறுத்தியிருந்தேன். நாட்டார் சும்மா விடவில்லை. அன்று மதியமே ஆள் வந்தான். மரம் மரமாகக் குனிந்து, முனையில் இரண்டு கோட்டை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டே எண்ணினான். ஏழு வந்தது. நம்பாமல் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு தடவை எண்ணினான்.