மலர்க்கொடி பாலைத் திரித்த கதை

பொங்கல் பானையில் பால் ஊற்றும் நேரம் வந்தால் மலர்க்கொடி கொல்லைப்பக்கம் போய்விடுவாள். போகச் சொல்லி யாரும் இப்போது சொல்வதில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது. மாட்டுக்கு வைக்கோல் உதறிப் போடுகிற சாக்கில் அங்கேயே நிற்பாள். வாசலில் குலவைச் சத்தம் எழும்பி அடங்கிய பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து பரிமாற ஆரம்பிப்பாள்.

சீர்காழிக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் கரையில் அவர்கள் ஊர். புருஷன் வைரக்கண்ணு அறுவடை மெஷின் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா காலம் வரைக்கும் பிறத்தியார் வயலில் கூலிக்கு நட்டு, கூலிக்கு அறுத்த குடும்பம். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலமும் இரண்டு கறவை மாடும் உண்டு. மாடுகள் மலர்க்கொடியின் பொறுப்பு. உதைக்கிற மாடுகூட அவள் கை பட்டால் காலை அகட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கையால் கறக்கலாம், பால் சொசைட்டிக்கு ஊற்றலாம், வீட்டுக்குக் காபி போடலாம். நல்ல நாளில் பால் காய்ச்ச மட்டும் அந்தக் கை ஆகாது. இதென்ன நியாயம் என்று மாடாவது கேட்டிருக்கலாம், மனுஷர்கள் கேட்கவில்லை.

எல்லாம் அவளுடைய தலைப்பொங்கலில் வந்த வினை. கல்யாணமாகி வந்த முதல் தை. பளபளவென்று விளக்கிய பித்தளைப் பானையை அடுப்பில் ஏற்றி, புது மருமகள் கையால் பால் ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினாள். பொங்கி வழிய வேண்டிய பால் பொங்கவில்லை. பழுப்பேறி, கட்டி கட்டியாகத் திரிந்துபோயிற்று. அந்த வருஷமே மாமனார் கண்ணை மூடினார். அப்புறம் சொல்லவா வேண்டும்? வைரக்கண்ணுவின் அக்கா தங்கமணி, பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள், "இனி பால் விஷயத்தை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, வருஷாவருஷம் வந்து பால் ஊற்றிவிட்டுப் போகிறாள்.

இந்த வருஷம் கூரைவீடு இருந்த இடத்திலேயே கான்கிரீட் வீடு எழும்பியது. கொல்லையில் கொட்டகை போட்டுத் தங்கிக்கொண்டு, சித்தாளுக்கு நிகராகச் செங்கல் சுமந்தாள் மலர்க்கொடி. கார்த்திகையில் பால் காய்ச்சிக் குடிபோக நாள் குறித்தாயிற்று. "பால் காய்ச்ச அக்காகிட்ட சொல்லிட்டேன்" என்றார் வைரக்கண்ணு. அவள் தலையை ஆட்டினாள். தான் சுமந்த செங்கல்லில் எழும்பிய வீட்டில் முதல் பாலைத் தன் கையால் வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்த ஒரே ஆசையை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வாய்க்கால் நிரம்பிச் சாலைமேல் ஓடியது. நட்ட சம்பா தண்ணீருக்குள் நின்றது. சொசைட்டி வண்டி வரவில்லை. மழை என்றால் மாடு கறக்காமலா இருக்கும்? தெருவுக்கெல்லாம் கொடுத்தது போக, இருக்கிற பாத்திரமெல்லாம் தயிராக நிரம்பியது. அடுத்த வேளைப் பாலை என்ன செய்வது என்று திகைத்து நின்றபோது, தஞ்சாவூரில் நர்ஸாக வேலை பார்க்கும் மகள் சுடர்விழி, லீவுக்கு வந்து மழையில் மாட்டிக்கொண்டவள், சொன்னாள்:

"சீஸ் பண்ணலாம்மா."

"அதுக்கெல்லாம் மெஷின் வேணும்டி."

"எலுமிச்சம்பழமும் துணியும் போதும். பன்னீர் தெரியும்ல, அதுவும் சீஸ்தான். அதுலேருந்துதான் எல்லாரும் ஆரம்பிப்பாங்க. பாலைக் கொதிக்க வச்சு, பழத்தைப் புழிஞ்சு திரிய விடணும்."

மலர்க்கொடி அடுப்பைவிட்டு எழுந்துவிட்டாள். "வேணும்னே திரிக்கிறதா? நீயே பண்ணு. நான் தள்ளி நிக்கிறேன்."

"திரியறதுக்குத்தானேம்மா வைக்கிறோம். அதுக்கு உன் கையைவிட வேற கை எது?"

மகள் கிண்டலாகச் சொன்னதுதான். இவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பழத்தைப் பிடுங்காத குறையாக வாங்கி, நறுக்கி, கொதிக்கிற பாலில் பிழிந்தாள்.

பால் திரியவில்லை. வெள்ளை வெளேரென்று அப்படியே கொதித்தது. இன்னொரு மூடி பிழிந்தாள். அதற்கும் அசையவில்லை. திரியக் கூடாதபோது திரிந்து மானத்தை வாங்கிய பால், திரியச் சொன்னால் மாட்டேன் என்கிறது. மலர்க்கொடிக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "இதுகூட என் பேச்சைக் கேக்கலை பாரு" என்றபடி அடுத்த பழத்தை எடுத்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. பாலின் மேல் மெல்லிசாக ஒரு நடுக்கம். ஓரத்தில் ஒரு கீறல். அந்தக் கீறலில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் தெரிந்தது. அவள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். ஒன்றாக இருந்தது இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது. வெண்மை முழுவதும் மேகம் மேகமாகத் திரண்டு ஒரு பக்கம் ஒதுங்க, கீழே இளம்பச்சையாய்த் தெளிந்த நீர், பானையின் அடி தெரிகிற அளவுக்கு. இத்தனை காலம் கறந்த பாலுக்குள்ளா இந்தப் பச்சை ஒளிந்திருந்தது? திரிந்த பால் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சாக்கடையில் கொட்டுகிறதுதான் அவளுக்குப் பழக்கம். ஒருநாளும் அதை நின்று பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். ஆறு மாதக் கருவாக இருந்த சுடர்விழியை ஸ்கேனில் காட்டினபோதுகூட அவள் இப்படி மலைத்ததில்லை.

பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, உப்புப் போட்டு, முடிந்து, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தார்கள். பொழுது சாய்ந்து அவிழ்த்தபோது துணியின் இழை பதிந்த ஒரு வெள்ளைக் கட்டி இருந்தது. கத்தி வைத்தால் துண்டாக நின்றது. வைரக்கண்ணு மிளகுத்தூள் தூவிச் சாப்பிட்டுவிட்டு, "கடையில வாங்குனதா?" என்று கேட்டார். மழையில் எந்தக் கடை என்று அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாளும் வண்டி வரவில்லை. எலுமிச்சம்பழமும் தீர்ந்துவிட்டது. "புளிப்புதானே வேணும்?" என்று மலர்க்கொடி கொஞ்சம் புளியைக் கரைத்து ஊற்றினாள். பால் உடனே முறிந்தது. தெளிந்த தண்ணீர் இன்றைக்குப் பச்சையாக இல்லை, பழுப்பாக இருந்தது. ஆவியோடு ஒரு வாசனை எழும்பி வந்து முகத்தில் அடித்தது.

அந்த வாசனை அவளுக்குத் தெரியும். காய்ந்த பாலும் புளியும் கலந்த அந்த வாசனையை வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் முகர்ந்திருக்கிறாள். தலைப்பொங்கல் அன்று. அதே பழுப்பு நிறம். பித்தளைப் பானையைப் புளி போட்டு விளக்கியது யார்? தங்கமணி அண்ணிதான். நல்ல நேரம் தவறுகிறது என்று எல்லாரும் அவசரப்படுத்த, கிணற்றடியில் உட்கார்ந்து தேய்த்தாள். புளிக்கோது பானைக்குள்ளேயே தங்கியிருக்கிறது. யாரும் சரியாக அலசவில்லை.

மலர்க்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. ஆத்திரம் அதைவிட அதிகமாக வந்தது. தண்ணீரில் நீந்தியாவது போய் அண்ணியின் வாசலில் நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. எத்தனை பொங்கல், எத்தனை குலவை, அத்தனைக்கும் கொல்லையில் நின்றிருக்கிறாள், ஒரு பிடி புளிக்காக. ஆனால் கண் மட்டும் பானையைவிட்டு அகலவில்லை. நேரம் ஆக ஆக வெண்மை திரண்டு கெட்டிப்பட்டுக்கொண்டே இருந்தது. யார் ஊற்றினார்கள், தாலி கட்டி எத்தனை நாள், வீட்டில் யார் சாகப்போகிறார்கள், எதையும் அது கேட்கவில்லை. புளிப்பு வந்தது, பிரிந்தது, அவ்வளவுதான். அதன் முன்னால் அவளுடைய ஆத்திரம்கூடச் சின்னதாகிவிட்டது.

அன்று வைரக்கண்ணுவிடம் சொன்னாள்: "புது வீட்டுல பாலை நாந்தான் வைப்பேன்."

"அக்காகிட்ட சொல்லிட்டேனே."

"மாத்திச் சொல்லுங்க."

கட்டுத்தறியில் நிற்கிற மாடு பேசினதுபோல் அவளைப் பார்த்தார். மாற்றிச் சொல்லவில்லை. அக்கா என்றால் அவருக்கு அத்தனை பயம்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு காலை. பட்டுச்சேலையும் மல்லிகையுமாகத் தங்கமணி வந்து இறங்கினாள். அதற்குள் மலர்க்கொடி புது அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பானையைத் தன் கையால் விளக்கி, திரும்பத் திரும்ப அலசி ஏற்றியிருந்தாள்.

"எந்திரி மலரு, நேரமாவுது."

"நான் வைக்கிறேன் அண்ணி."

வைரக்கண்ணு தலையைத் தூக்கி, ஃபேன் மாட்டுகிற கொக்கியை ஆராய்ந்துகொண்டிருந்தார். தங்கமணி வாயைத் திறந்தாள். தம்பி பொண்டாட்டியின் முகத்தைப் பார்த்ததும் என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டாள். பால் நுரைத்து, மேலே ஏறி, நாலு பக்கமும் வழிந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். "நல்லவேளை, தாயே" என்று தங்கமணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அத்தோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் திருப்திதான். மலர்க்கொடி பக்கத்திலிருந்த கிண்ணத்தை எடுத்தாள். எலுமிச்சைச் சாறு. பொங்கிய பாலில் மெதுவாக ஊற்றினாள்.

"ஏய், என்ன பண்ணுற?" தங்கமணி அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"திரிக்கிறேன் அண்ணி. கையை விடுங்க. வந்து பாருங்க."

தங்கமணி பதறிக் குனிந்தாள். பின்னால் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள். பாலின் மேல் நடுக்கம் ஓடியது. கீறல் விழுந்தது. வெள்ளை மேகங்கள் ஒதுங்கி இளம்பச்சை தெளிந்தது. திட்ட வந்தவர்கள்கூட மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். தங்கமணி பிடித்த கையை விட மறந்துபோய், "அட, என்னடி இது" என்று முணுமுணுத்தாள்.

வடிகட்டிய சூட்டோடு நாட்டுச்சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, மலர்க்கொடியே எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தாள். தங்கமணி ஒரு வாய் போட்டுக்கொண்டாள். கண் விரிந்தது.

"ராசியான கைதான் மலரு உனக்கு. இத்தனை நாளா தெரியாமப் போச்சே."

இந்த ஒரு வார்த்தைக்காக மலர்க்கொடி எத்தனையோ தை மாதம் காத்திருந்தவள். இப்போது அது வந்து காதில் விழுந்தபோது, அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை.

"கையில ஒண்ணும் இல்ல அண்ணி," என்றாள். "இன்னைக்கும் இல்ல, அன்னைக்கும் இல்ல."

தங்கமணி வாயில் இருந்ததை மெல்லாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி தட்டை எடுத்துக்கொண்டு அடுத்தவரிடம் போனாள்.